கேள்வி முதலில், திரை அப்புறம்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கற்றல் பற்றி ஆராய்ந்த இவர்களின் பெயர்களைச் சொல்வார்கள்: பாவ்லவ், தார்ன்டைக், ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர். எந்தக் கோட்பாடு யாருடையது, எந்த நிலை எந்த வயதில் வரும் என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். அப்புறம் பள்ளிக்கு ஹைடெக் லேப் வருகிறது, ஸ்மார்ட் போர்டு வருகிறது. அதை எப்படி ஆன் செய்வது, எப்படி லாகின் செய்வது என்று பயிற்சி தருகிறார்கள். பரணில் கிடக்கும் மூட்டையை அவிழ்க்க வேண்டிய நேரமே அதுதான் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நான் கடலூர் முதுநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி, சோனங்குப்பம் என்று மீனவக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு பக்கம். அப்பா சிப்காட்டில் ஒப்பந்த வேலை, அம்மா கூலி வேலை என்று வரும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். என் வகுப்பில் எந்தக் கருவியை எப்போது ஆன் செய்வது என்பதைவிட எப்போது ஆஃப் செய்வது என்று முடிவு செய்யத்தான் அந்தப் பழைய கோட்பாடுகள் உதவியிருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் வீடியோ. 2018-ல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு இருக்கிறது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-ல் மணற்கேணி செயலி வந்தது. தமிழில் பாட வீடியோ இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. வீடியோ ஓடும்போது வகுப்பு கப்சிப் என்று இருக்கும். அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் பார்த்தால் பாடம் பிரமாதமாக நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். முடிந்ததும் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், "சூப்பரா இருந்துச்சு மிஸ்" என்பார்கள். அதற்குமேல் இரண்டு வாக்கியம் வராது. பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. கவனித்ததை வைத்துக்கொள்ள இடம் இல்லை, அதுதான் விஷயம். ஒரே நேரத்தில் மனம் கையில் பிடித்து வேலை செய்யக்கூடிய விஷயங்கள் மிகச் சிலவே. இதை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர் 1988-ல் அறிவாற்றல் சுமைக் கோட்பாட்டை முன்வைத்தார். ஓடும் படம், பின்னணி இசை, வேகமான குரல், திரையில் எழுத்து எல்லாம் சேர்ந்து வந்தால், புதிதாகக் கற்க வேண்டியதற்கு இடம் மிஞ்சாது.

இதே வழியில் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் சோதனை செய்து சொன்னவை வகுப்பில் அப்படியே பயன்படுகின்றன. படமும் பேச்சும் சேர்ந்தால் நல்லது. பேசுவதையே எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டால் அது கூடுதல் சுமை. சம்பந்தமில்லாத அலங்காரம் எதுவும் வேண்டாம். நீளமானதைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்ட வேண்டும். நான் செய்வது எளிது. வீடியோவின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, நானே எங்கள் ஊர்த் தமிழில் பேசுகிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிடுவதில்லை. நிறுத்தியதும் "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். எழுதாமல் அடுத்த காட்சி கிடையாது. இதனால் ஐந்து நிமிட வீடியோ இருபது நிமிடம் ஆகும். ஆகட்டும். ஒரு பாடவேளையில் மூன்று வீடியோ காட்டுவதைவிட அதன் பலன் அதிகம்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பாடத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் என்று ஒரு பாடம். அடர்த்தி, மிதப்பு விசை, ஆர்க்கிமிடிஸ் தத்துவம் எல்லாம் அதில் வரும். புத்தகத்தைத் திறக்காமல், திரையையும் ஆன் செய்யாமல், ஒரு கேள்வியோடு தொடங்குவேன். மீன் பிடித்துவிட்டுக் கடலிலிருந்து ஒரு படகு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. மழைக்காலம், கெடிலம் ஆற்றில் வெள்ளம், உள்ளே முழுக்க நல்ல தண்ணீர். படகில் இருக்கும் ஆளும் மீனும் வலையும் மாறவில்லை. உள்ளே வந்ததும் படகு கொஞ்சம் மேலே எழும்புமா, கீழே இறங்குமா, அப்படியே இருக்குமா?

பெரும்பாலானவர்கள் அப்படியே இருக்கும் என்பார்கள். எடை மாறவில்லையே, அது அவர்கள் நியாயம். சிலர் மேலே எழும்பும் என்பார்கள். ஆற்றில் ஆழம் குறைவு என்பது அவர்கள் காரணம். ஒருமுறை பின் வரிசையிலிருந்து ஒரு பையன், பாடத்துக்குச் சம்பந்தமில்லாததைச் சொல்கிற தயக்கத்தோடு, "கடல்ல மல்லாக்கப் படுத்தா ஈசியா மிதக்கலாம் மிஸ். கிணத்துல அப்படிப் படுத்தா உள்ள இழுக்குது" என்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நீச்சல் தெரிந்த பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சற்று முன் "அப்படியே இருக்கும்" என்று சொன்னவர்களும் அதில் அடக்கம். தன் உடம்புக்குத் தெரிந்த ஒன்றும், வாயால் சொன்ன விடையும் மோதுகின்றன. பியாஜே சொன்ன சமநிலை குலைவு இதுதான். ஏற்கெனவே மனத்தில் இருக்கும் அமைப்புக்குள் புதியது பொருந்தவில்லை; அமைப்பை மாற்றினால்தான் ஆகும். அந்த நெருடல் வந்த பிறகு பிள்ளைகளை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். அது வருமுன் காட்டும் எந்தப் படமும் வெறும் படம்தான்.

அடுத்து பிளாஸ்டிக் டப். ஒரு சிறிய மருந்து பாட்டிலில் பாதி மணல் போட்டு மூடி, நிமிர்ந்து மிதக்கிற மாதிரி சரிசெய்துகொள்வோம். குழாய்த் தண்ணீரில் விட்டு, தண்ணீர் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. பிறகு அதே தண்ணீரில் கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கரைத்து, இன்னொரு கோடு. கோடு இடம் மாறுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் பாட்டில் மேலே ஏறி நிற்கும். குழுவுக்கு ஒரு டப் இருந்தால் நல்லது, எல்லாருடைய கையும் நனைய வேண்டும்.

இப்போதுதான் திரை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற இலவச உருவக (சிமுலேஷன்) மென்பொருள்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது. பலவற்றை முன்கூட்டியே இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு இது பெரிய விஷயம். மிதப்பு பற்றிய உருவகத்தில் திரவத்தை மாற்றலாம். நல்ல தண்ணீர், கடல் தண்ணீர், தேன், பாதரசம். கட்டையின் எடையை மாற்றலாம், பருமனை மாற்றலாம், விசைகளை அம்புக்குறியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் விடையை நோட்டில் படமாக வரைந்தாக வேண்டும்.

திரை இங்கே எதற்கு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1 கிலோ என்றால், கடல் தண்ணீர் ஏறத்தாழ 1.025 கிலோ. வித்தியாசம் இரண்டரை சதவீதம். படகு 40 சென்டிமீட்டர் ஆழம் அமிழ்ந்திருந்தால், ஆற்றுக்குள் வந்ததும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமிழும். அலையில் ஆடும் படகில் அதை யார் கண்டுபிடிக்க முடியும்? கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு சென்டிமீட்டரைப் பெரிதாக்கிக் காட்டவும், எந்த டப்பிலும் ஊற்ற முடியாத பாதரசத்தை ஊற்றிப் பார்க்கவும் திரை வேண்டும். டப்பில் பார்க்க முடிந்ததைத் திரையில் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மின்சுற்றும் அப்படித்தான். பேட்டரியும் பல்பும் ஒயரும் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது முதல் பல்பு கையில் எரியட்டும். ஒயருக்குள் ஓடும் எலக்ட்ரான்களைக் காட்டத்தான் உருவகம்.

செய்து பார்ப்பது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்று புரூனர் சொன்ன மூன்று வழிகளை இந்த வரிசையில் வைத்துக்கொள்கிறேன். டப், திரை, சமன்பாடு. சமன்பாடு கடைசியில் வரும்போது அதில் உள்ள எழுத்து ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது.

இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் கற்க வேண்டும் என்றும் இல்லை. எங்களிடமிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய புதுச்சேரியில் 1910 முதல் 1950-ல் மறையும் வரை வாழ்ந்த அரவிந்தர், கற்பித்தலுக்கு மூன்று கொள்கைகள் எழுதியிருக்கிறார். எதையும் கற்பித்துவிட முடியாது, ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே என்பது முதலாவது. கற்பவரின் மனத்தைக் கலந்தாலோசித்தே அதன் வளர்ச்சி நடக்க வேண்டும் என்பது இரண்டாவது. அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும் என்பது மூன்றாவது. கிணற்றில் மல்லாந்து மிதக்க முடியாத அந்தப் பையனிடமிருந்து ஆர்க்கிமிடிஸிடம் போவது இந்த மூன்றாவது கொள்கைதான்.

இனி ஹைடெக் லேப். அங்கே நடக்கும் இணையவழித் தேர்வுகளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1953-ல் ஹார்வர்டு பேராசிரியர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. போட்ட கணக்கு சரியா தப்பா என்று அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியவில்லை. இது அவரை உறுத்தியது. பிள்ளை விடை சொன்ன உடனே சரி பார்த்துச் சொல்லும் ஒரு கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைக்குத் திரையில் விடையைத் தொட்டதும் பச்சை, சிவப்பு தெரிகிறதே, அதன் மூதாதை அது.

ஸ்கின்னரின் இந்த வழியை, அதாவது நடத்தையியலை, பழசு என்று ஒதுக்கத் தேவையில்லை. அலகுகள், வேதிக் குறியீடுகள், வாய்ப்பாடு, ஆங்கிலச் சொற்கள் போன்றவற்றுக்கு உடனடியாகச் சரி, தப்பு சொல்லும் பயிற்சி நன்றாகவே வேலை செய்கிறது. கருத்து புரிய வேண்டிய இடத்தில் அது போதாது, அவ்வளவுதான். ஒரு பிள்ளை நான்கில் மூன்றைத் தட்டிப் பார்த்து, பச்சை வந்ததும் நகர்ந்துவிடும். எனவே புரிதல் சார்ந்த கேள்விகளுக்கு லேப்பை விட்டு வகுப்புக்கே வந்துவிடுகிறேன்.

அதற்கு ஹார்வர்டின் இன்னொருவர், எரிக் மசூர் என்ற இயற்பியலாளர் உதவுகிறார். அவர் 1991-ல் தொடங்கிய முறை இது. ஒரு கேள்வி, நான்கு விடை. முதலில் யாரோடும் பேசாமல் யோசித்து ஆளுக்கொரு விடை. பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் என்று விளக்க வேண்டும். பிறகு மறுபடி விடை. அவர் மாணவர்களுக்குக் கையடக்கக் கருவி கொடுத்தார். எங்களுக்கு நான்கு விரல் போதும். நெஞ்சுக்கு முன்னால், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல், விரலைக் காட்டச் சொல்வேன். முன்னால் நின்று ஒரு பார்வை பார்த்தாலே வகுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கால்வாசிப் பேர்கூட சரியாகச் சொல்லவில்லை என்றால் பேசவிட்டுப் பயனில்லை, நான் மறுபடி விளக்க வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் சரியென்றால் அடுத்ததுக்குப் போகலாம். நடுவில் இருந்தால் பேசவிட வேண்டும். அந்த மூன்று நிமிடச் சத்தத்தைப் பார்த்துவிட்டு யாராவது எட்டிப் பார்த்து அதட்டப் போகிறார்கள் என்றால், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். அந்தச் சத்தம் தேவை.

ஏன் தேவை என்பதற்கு வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்து, 37 வயதில் காசநோயால் இறந்துபோனவர். தனியாகச் செய்ய முடியாததை, கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த ஒருவரின் துணையோடு ஒரு பிள்ளை செய்துவிடும். அந்த இடைவெளியில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார். லேப்பில் ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காரும்போது இதை நேரடியாகப் பார்க்கலாம். விட்டுவிட்டால், ஏற்கெனவே கணினி தெரிந்த பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் வேடிக்கை பார்க்கும் இடத்தில் உட்காருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எங்கள் லேப்பில் ஒரே விதி: மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் சொந்தமாக எதையும் செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாயால் சொன்னதை மட்டும்தான் செய்யலாம். மூன்றாமவர் காரணத்தை நோட்டில் எழுதுவார். கொஞ்ச நேரத்தில் இடம் மாற வேண்டும். மூன்று பேருக்கு ஒரு கணினிதான் இருக்கிறது என்பது அப்போது குறையாகத் தெரிவதில்லை. ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

பள்ளியின் கணக்கு சார் ஒரு பாடம் நடத்துவார். அதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை செய்த சீமோர் பேப்பர்ட், 1967-ல் தன் குழுவினரோடு லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார். கட்டளை கொடுத்தால் திரையில் ஆமை நகர்ந்து கோடு போடும். அந்த வகை மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, பழைய கணினியிலும் ஓடும். 2011 முதல் அரசு தந்த மடிக்கணினிகளில் ஒன்று அண்ணனுடையதோ அக்காவுடையதோ எந்த வீட்டிலாவது கிடந்தால் அதிலும் ஓட்டலாம். சமபக்க முக்கோணம் வரையச் சொல்வார். பிள்ளைகள் 60 பாகை திரும்பச் சொல்வார்கள். முக்கோணத்தின் கோணம் 60 என்று புத்தகத்தில் இருக்கிறதே. ஆமை போகிற போக்கில் அறுகோணத்தின் பாதியைப் போட்டுவிட்டு நிற்கும். உடனே சார் விளக்க மாட்டார். பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போய், ஆமையாக நடந்து பார்க்கச் சொல்வார். மூலையில் நின்று திரும்பும்போதுதான் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும், 120. வெளிக்கோணம் என்ற சொல் அதற்கப்புறம் வந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசிரியப் பயிற்சிகளோடு எனக்குச் சண்டை உண்டு. இந்தப் பிள்ளை பார்த்துக் கற்கும், அந்தப் பிள்ளை கேட்டுக் கற்கும் என்று பிரித்து, அதற்கேற்ப வீடியோ, ஆடியோ என்று கொடுக்கச் சொல்கிறார்கள். 2008-ல் ஹெரால்டு பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். எதைக் காட்டுவது என்பதைப் பாடப்பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். நிலப்படம் எல்லாருக்கும் கண்ணால் பார்க்க வேண்டியது, உச்சரிப்பு எல்லாருக்கும் காதால் கேட்க வேண்டியது. ஒரு பிள்ளைக்கு "உனக்குப் படித்தால் ஏறாது, பார்த்தால்தான் ஏறும்" என்று முத்திரை குத்துவது அநியாயம். அந்தப் பிள்ளை அதை நம்பிவிடும்.

கருவி எதுவாக இருந்தாலும் நான் விடாத ஒன்று, வகுப்பின் முதல் ஐந்து நிமிடம். போன வாரம் நடத்தியதிலிருந்து மூன்று கேள்வி, புத்தகம் மூடியிருக்க வேண்டும், மதிப்பெண் கிடையாது. 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை எனக்குத் தைரியம் கொடுத்தது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டு மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தியிருந்தார்கள். பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஏன் செய்கிறோம் என்று தெரிந்தால் முகம் சுளிப்பது குறைகிறது. இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம். இருந்தால் கேள்வியை அதில் போடலாம், கரும்பலகையில் எழுதும் நேரம் மிச்சம்.

மின்சாரம், இணையம் பற்றிச் சுருக்கமாக: இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டே பாடத்தைத் திட்டமிடுங்கள். இருந்தால் சந்தோஷம்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் போன். கொரோனா காலத்தில் எல்லாரும் வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். மீனவ வீடுகளில் அது எடுபடவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அது விடியற்காலையில் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அவர் திரும்பி வந்து தூங்கும்போது போனும் சார்ஜில் கிடக்கும். ஆனால் எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை அடிக்கடி விடுவார்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் படகும் போகாது. அதாவது பள்ளி இல்லாத அந்த நாட்களில்தான் போன் வீட்டில் இருக்கும். அதனால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை நான் அந்த நாட்களுக்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அனுப்புவது வீடியோ இல்லை, இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ். டேட்டா அதிகம் போகாது, சிக்னல் மோசமாக இருந்தாலும் போய்ச் சேரும், படிக்கத் தெரியாத பாட்டிகூட கேட்கலாம். அதில் பாடம் நடத்துவதில்லை, ஒரு கேள்வி மட்டும் இருக்கும். வாசலில் ஒரு நேரான பாத்திரத்தை வைத்து எவ்வளவு மழைத் தண்ணீர் சேர்ந்தது என்று ஸ்கேலால் அளந்து வை, பக்கத்து வீட்டுப் பிள்ளை அகலமான பாத்திரம் வைத்தால் அளவு கூடுமா குறையுமா என்று முதலிலேயே எழுதி வை, இப்படி. பதிலை அனுப்ப வேண்டாம், பள்ளி திறந்ததும் கொண்டு வந்தால் போதும் என்பேன். போன் யாரிடம் இருக்கிறது, யார் வீட்டில் ரீசார்ஜ் செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதனால் வெளியே தெரிவதில்லை. கேள்வி போய்ச் சேராத பிள்ளைக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளை போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு.